வெயில் களிம்பு

என் தம்பி ஜெயகரன் பிறந்தபோது எனக்குப் பதினைந்து வயது. மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்கத்துத் தொழிலாளர் லைனில் எங்கள் வீட்டுக்குப் பிள்ளையைப் பார்க்க வந்த பெண்கள் பிள்ளையைத் தூக்காமலே திரும்பிப் போனார்கள். எங்கள் வீட்டில் எல்லோரும் நல்ல கறுப்பு. பிள்ளையின் தோல் வெள்ளை, தலைமுடி வெள்ளை, புருவமும் வெள்ளை. அம்மா பாக்கியவதி அந்த வருஷம் வரைக்கும் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் பங்களாவில் ஆயா வேலை பார்த்து வந்தார். ஊர் என்ன பேசியிருக்கும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஜெயகரன். ஊர் வைத்த பெயர் தொரை. நான்கு வயதில் அவனே அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கத் தொடங்கிவிட்டான். என் காதில் விழும்படி அப்படிக் கூப்பிட்ட இரண்டு பேரை நான் அடித்திருக்கிறேன். அடித்ததனால் பெயர் மாறவில்லை.

அப்பா சுரங்கத்தில் மரம் முட்டுக் கொடுக்கும் வேலை செய்தவர். எங்கள் தாத்தாவும் அதே வேலை. கோவிலில் பெரிய வெள்ளிக்கிழமைக்குத் தூக்கும் சிலுவையைச் சுரங்கத்து மரத்தில் செய்து கொடுத்தவர் தாத்தாதான். அதனால் அன்றைய சிலுவைப் பாதையில், நின்று ஜெபிக்கும் பதினாலு ஸ்தலத்தில் முதல் ஏழுக்கும் பின் ஏழுக்கும் எங்கள் வீட்டு ஆண்களே தூக்க வேண்டும் என்று ஆயிற்று. அப்படிப்பட்ட வீட்டில் இப்படி ஒரு பிள்ளை. அப்பா அம்மாவைப் பங்களா வேலையிலிருந்து நிறுத்தினார். அதற்கு மேல் அம்மாவிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்கும் பிள்ளையைக் கொண்டுபோகவில்லை. அங்கே பிள்ளையின் நிறத்தைச் சீட்டில் எழுதுவார்கள், எழுதினால் நிலைத்துவிடும் என்று நினைத்தார்.

வழி சொன்னது மருத்துவச்சிதான். இது வேகாத பிள்ளை, நல்லெண்ணெய் தடவித் தினமும் வெயிலில் நிறுத்துங்கள், நிறம் ஏறிவிடும் என்றாள். அப்பாவுக்கு அது பிடித்துப்போயிற்று. பிள்ளை கறுத்துவிட்டால் ஊர் வாய் தானாக மூடும்.

நிறுத்தியது நான். அப்போது நானும் சுரங்கத்தில் சேர்ந்திருந்தேன். இரவு ஷிப்ட் பார்த்து வரும் வாரங்களில் காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை வீட்டுக்குப் பின்னால் இருந்த வெறும் மண்ணில் அவனைச் சட்டையில்லாமல் நிறுத்துவேன். அவனுக்கு மூன்று வயது. கண்ணைத் திறக்க முடியாமல் அழுவான். நிழலுக்குள் ஓடினால் பிடித்துக்கொண்டு வந்து நிறுத்துவேன். தோள் சிவக்கும், மறுநாள் கொப்புளம் போடும், நாலைந்து நாளில் உரியும். உரிந்த இடத்தில் அடியில் கறுப்பு வந்திருக்கிறதா என்று நானும் அப்பாவும் குனிந்து பார்ப்போம். அடியிலும் வெள்ளையாகவே இருக்கும். ஆறியதும் மறுபடி எண்ணெய் தடவுவோம். நாலு வயதில் அவன் அழுவதை நிறுத்திவிட்டான். கண்ணை மூடிக்கொண்டு நிற்பான். இப்படி அவனுடைய ஒன்பது வயது வரைக்கும் நடந்தது. நிறம் ஏறவில்லை. அப்பாவே சலித்துப்போய் விட்டுவிட்டார்.

இதை நான் பல வருஷம் யாரிடமும் சொன்னதில்லை.

பள்ளிக்கூடத்தில் ஜெயகரனுக்குக் கரும்பலகை தெரியாது. வெளிச்சம் கூசும். படிப்பு வரவில்லை. இருபத்திரண்டு வயதில் அவனும் சுரங்கத்தில் சேர்ந்தான். ஆழத்தில் ஒரு பம்புக்கு ஆளாகப் போட்டார்கள். தண்ணீர் ஏறுகிறதா என்று காதால் கேட்டுக்கொண்டிருக்கும் வேலை. அதற்குக் கண் அவ்வளவு வேண்டாம். முதல் சம்பள நாளில் என்னிடம் சொன்னான், "கீழ எல்லாரும் ஒரே கலருணா" என்று. சிரித்துக்கொண்டேதான் சொன்னான். இருபத்திரண்டு வருஷம் ஒரே பம்பு. அவனுக்குக் கல்யாணம் செய்துவைத்தேன். டெய்சி நல்ல பெண். பிள்ளை இல்லை. ஊர் அதையும் பேசியது.

ஒவ்வொரு பெரிய வெள்ளிக்கிழமையும் முதல் ஏழு ஸ்தலத்துக்கு நான் தூக்குவேன், பின் ஏழு ஸ்தலத்துக்கு அவன் தூக்குவான். அப்பா இறந்தபின் அதில் நான் ஒரு தடவையும் விட்டுக்கொடுத்ததில்லை. அவனுக்கு வெயில் ஆகாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஊர் பார்க்க அவன் அந்தச் சிலுவையைத் தூக்க வேண்டும். இது எங்கள் வீட்டுச் சிலுவை, எங்கள் வீட்டு ஆண் தூக்குகிறான் என்பது அதன் பொருள். வாயால் சொல்லாத பதில் அது.

2001 பிப்ரவரி கடைசியில் சுரங்கத்தை மூடினார்கள். நான் அதற்கு முன்பே ஓய்வு பெற்றிருந்தேன். ஜெயகரன் மேலே வந்தான்.

எதிர் லைனில் இருக்கும் எட்மண்ட் பெங்களூரில் ஒரு பெரிய கட்டடத்தில் வண்டி நிறுத்துமிடத்தில் வேலை வாங்கிக் கொடுத்தான். விசில் ஊதி வண்டிகளை உள்ளே விட வேண்டும். காலை ஐந்தரை ரயிலில் போய் இரவு வருவான். இருபத்திரண்டு வருஷம் அதிகம் வெயில் படாத தோல், காலையிலிருந்து சாயந்தரம் வரை தார் ரோட்டு வெயிலில் நின்றது. அவன் காதின் மேல் விளிம்பில் முந்தின தீபாவளியிலிருந்தே ஒரு புண் இருந்தது. பொருக்குத் தட்டும், உதிரும், மறுபடி தட்டும். வேலைக்குப் போன பத்தாம் நாள் அதில் ரத்தம் வந்தது.

டெய்சி என்னைக் கேட்காமல் அவனைப் பெங்களூரில் தோல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் அம்மா காதைப் பார்த்துவிட்டு, சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்று ஈஸ்டருக்குப் பிந்தைய ஒரு தேதி கொடுத்தார். அதுவரைக்கும் வெயில் படவே கூடாது என்றார். முழுக்கை சட்டை, அகலமான தொப்பி, கறுப்புக் கண்ணாடி. இவை மூடாத இடத்துக்கெல்லாம் வெயில் களிம்பு.

அந்தக் களிம்பை எங்கள் ஊரில் டெய்சி தேடிய விதத்தை அவளே சொன்னாள். ராபர்ட்சன்பேட்டை மருந்துக்கடையில் வெயில் களிம்பு என்று கேட்டதற்குச் சிவப்பழகு கிரீமை எடுத்து வைத்திருக்கிறார்கள். இதிலும் வெயில் மருந்து இருக்கிறது, நிறமும் கொடுக்கும் என்றானாம் கடைக்காரன். யாருக்கு என்று கேட்டிருக்கிறான். வீட்டுக்காரருக்கு என்றிருக்கிறாள். அவன் ஜெயகரனைத் தெரிந்தவன். அட்டைப் பெட்டியைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டான். இன்னொரு கடையில், வெயிலைத் தடுக்கும் அளவு பதினைந்து என்று எண் போட்டது இருந்தது. டாக்டர் முப்பதுக்குக் குறையக் கூடாது என்று அடிக்கோடு போட்டு எழுதியிருந்தார். கடைசியில் பெங்களூரிலிருந்து வரவழைத்தாள். சின்ன ட்யூப். பிதுக்கினால் சுண்ணாம்பு மாதிரி கெட்டியாக வந்தது. எவ்வளவு தேய்த்தாலும் முகத்தில் வெள்ளையாகத் தங்கியது.

ஏற்கனவே வெள்ளை. அதன்மேல் வெள்ளை. காலையில் அவன் ரயிலுக்குப் போகும்போது லைனில் குழாயடியில் நிற்பவர்கள் பார்த்தார்கள். எட்மண்ட் ஒருநாள் என் முன்னாலேயே, "இன்னா தொரை, டிராமாவா?" என்றான். ஜெயகரன், "ஆமாம்பா, ராஜா வேஷம். உனக்குத்தான் சேவகன் வேஷம் வச்சிருக்காங்க" என்று சொல்லிவிட்டு நடந்தான். எட்மண்ட் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. மூஞ்சியில் மாவு பூசிக்கொண்டு திரியும் ஆண் எங்கள் வீட்டில் இருந்ததில்லை என்று டெய்சியிடம் சொன்னேன். அவள், இது மருந்து மாமா என்றாள்.

மருந்து என்றால் குணம் தெரிய வேண்டும். தெரியவில்லை. அவன் கழுத்து அப்படியேதான் சிவந்து வந்தது, உரிந்தது. அதை நான் டெய்சிக்குச் சுட்டிக் காட்டினேன். அதன் காரணம் பிறகுதான் தெரிந்தது. சுரங்கத்தில் ஷிப்டுக்குப் போகும்போது விளக்கையும் தலைக்கவசத்தையும் ஒரு தடவை வாங்கிக்கொண்டால் மேலே வரும்வரைக்கும் அதுதான். அந்தப் பழக்கத்தில் ஜெயகரன் விடிகாலை ஐந்து மணிக்கு வீட்டில் ஒரு தடவை களிம்பு போட்டுக்கொண்டு கிளம்பினான். ட்யூபை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனான். ஒன்பது மணிக்கு அவன் வெயிலில் நிற்கத் தொடங்கும்போது களிம்பு பாதி ரயில் கம்பியிலும் பாதி கர்சீப்பிலும் போயிருக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை போட வேண்டும் என்று டாக்டர் எழுதியிருந்தார். அது வீட்டில் சும்மா இருப்பவர்களுக்கு என்று அவன் நினைத்திருக்கிறான். எனக்கு அந்தச் சீட்டைப் பார்க்கத் தோன்றவில்லை. குணம் இல்லை என்று மட்டும் ஊன்றிச் சொன்னேன்.

ஏப்ரல் பதின்மூன்றாம் தேதி பெரிய வெள்ளிக்கிழமை. அதற்கு முந்தின நாள் டெய்சி என் வீட்டுக்கு வந்து நின்றாள். இந்த வருஷம் மட்டும் அவரை விட்டுவிடுங்கள், வேறு யாராவது தூக்கட்டும் என்றாள். வேறு யார் என்று கேட்டேன். சுரங்கம் மூடி ஆறு வாரம் ஆகியிருந்தது. எங்கள் வீட்டுக்கு இந்த ஊரில் மிச்சம் இருந்த உரிமை அது ஒன்றுதான். அதை இன்னொரு வீட்டுக்குக் கொடுப்பதானால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் என்று தம்பியின் தோலைச் சொல்ல வேண்டும். நாற்பத்தைந்து வருஷம் சொல்லாத பேச்சு. அவன் வருவான் என்றேன். அவள் போய்விட்டாள்.

வந்தான். பாதை கோவிலிலிருந்து பத்து மணிக்குக் கிளம்பி, சயனைடு மேட்டைச் சுற்றி, எதிரில் இருக்கும் குன்றின் மேல் முடியும். தங்கம் எடுத்தபின் கொட்டிய மாவு மண்தான் அந்தச் சயனைடு மேடு, மலைமலையாக நிற்கிறது. அன்று மேகம் போட்டு லேசாகக் காற்று வீசியது. வெயில் இல்லை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

ஏழாம் ஸ்தலத்தில் சிலுவையை மாற்றிக்கொள்ள அவன் முன்னால் வந்தான். தொப்பியைக் கழற்றி டெய்சியிடம் கொடுத்திருந்தான். சிலுவை தூக்குகிறவன் தலையில் ஒன்றும் இருக்கக் கூடாது. ஆனால் நெற்றி, மூக்கு, காது, கழுத்து எல்லாம் களிம்பு அப்பியிருந்தது. அன்றைக்கு டெய்சியே போட்டுவிட்டிருக்க வேண்டும். தடிமனாக இருந்தது. சுற்றி நூறு பேர் மண்டியிட்டிருந்தார்கள். பின்னால் ஒருத்தி முக்காட்டை வாயில் வைத்துச் சிரித்தாள்.

சிலுவையை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டு, வலது தோளில் இருந்த துண்டை எடுத்து அவன் முகத்தைத் துடைத்தேன். நெற்றியைத் துடைத்தேன், மூக்கைத் துடைத்தேன். கழுத்தைப் பிடித்துத் திருப்பிப் பின்னாலும் துடைத்தேன். காதைத் துடைத்தபோது துண்டில் ரத்தம் வந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். ஃபாதர் அடுத்த ஜெபத்தைத் தொடங்கிவிட்டார். நான் சிலுவையை அவன் தோளில் வைத்தேன்.

குன்றின் மேல் போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. மேகம் இருந்தது. ஆனால் இரண்டு பக்கமும் அந்த வெளுத்த மண். அது வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் என்பதும், மேகத்தின் ஊடாகவும் வெயில் தோலைச் சுடும் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. நாங்கள் சூட்டை அறிந்த மனிதர்கள். கீழே பாறையில் கை வைக்க முடியாத சூட்டில் வேலை செய்தவர்கள். சூடு இல்லாவிட்டால் கெடுதல் இல்லை என்றுதான் எங்கள் கணக்கு.

அன்று ராத்திரிக்குள் அவன் முகம் வீங்கிக் கண் இரண்டும் மூடிக்கொண்டது. ஈஸ்டருக்கு எழுந்து வரவில்லை. டெய்சி என் வீட்டு வாசலுக்கு வரவில்லை. நான் இரண்டு தடவை போனேன். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். தூங்குகிறார் என்றாள் டெய்சி.

மே மாதம் சதை எடுத்துப் பார்த்தார்கள். புற்று என்று சொன்னார்கள். காதின் மேல்பாதியை எடுத்தே ஆக வேண்டும், கழுத்தில் ஒரு கட்டியையும் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். ஆபரேஷனுக்கு வீட்டுப் பெரியவர் ஒருவர் வர வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதனால்தான் டெய்சி என்னைக் கூப்பிட்டாள். நீங்க வாங்க மாமா என்றாள்.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் டாக்டர் அம்மா என்னையும் டெய்சியையும் அறைக்குக் கூப்பிட்டார். இளவயதுக்காரர். தமிழ் கொஞ்சம் கன்னட வாடையோடு பேசினார். இருபத்திரண்டு வருஷம் சுரங்கத்துக்குள் இருந்தவருக்கு இவ்வளவு வெயில் சேதம் எப்படி வந்தது என்று புரியவில்லை என்றார். முதுகிலும் தோளிலும் பழைய சேதம் நிறைய இருக்கிறதாம். சின்ன வயதில் இவர் வெயிலில் வேலை செய்தாரா, மாடு மேய்த்தாரா என்று கேட்டார். டெய்சி தெரியாது என்றாள். இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான்தான் நிறுத்தினேன்" என்றேன்.

டாக்டருக்கு விளங்கவில்லை. மறுபடி சொன்னேன். எண்ணெய் தடவி, சட்டையில்லாமல், பத்திலிருந்து பன்னிரண்டு வரை. கறுக்க வேண்டும் என்பதற்காக. எத்தனை வருஷம் என்று கேட்டார். ஆறு வருஷம் என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு எழுதினார். டெய்சி என்னைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு மேஜையைப் பார்த்தாள்.

பெரிய வெள்ளிக்கிழமையை நானே சொல்லி, அதனால் வந்ததா என்று கேட்டேன். ஒரு நாளில் வருவதில்லை என்றார் டாக்டர். படும் வெயிலையெல்லாம் தோல் சேர்த்து வைத்துக்கொள்ளும், அதிலும் சின்ன வயதில் பட்டதுதான் மோசம் என்றார். எனக்கு அது ஆறுதலாக இல்லை, குற்றமாகவும் அப்போது உறைக்கவில்லை. காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

பிறகு அவர் சாதாரணமாகக் கேட்டார், அப்பா அம்மா சொந்தத்தில் கட்டினவர்களா என்று. ஆமாம், அப்பா அம்மாவுக்கு அத்தை மகன் என்றேன். அதுதான் என்று தலையாட்டினார். இந்த வெள்ளைத் தோல் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வராது, அப்பா ரத்தத்திலும் அம்மா ரத்தத்திலும் வெளியே தெரியாமல் இருந்து, இரண்டும் சேர்ந்தால்தான் பிள்ளைக்கு வரும், சொந்தத்தில் கட்டினால் அது அதிகம் என்று விளக்கினார். பக்கத்து அறையில் யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டார்.

நான் எழுந்து வார்டுக்குப் போனேன். டெய்சி மருந்துச் சீட்டோடு கீழே போனாள்.

ஜெயகரன் தலையைச் சுற்றிக் கட்டோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தான். ஜன்னல் திரையை இழுத்து விட்டிருந்தான். நான் எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்து, டாக்டர் சொன்ன முறைகளை ஒவ்வொன்றாகச் சொன்னேன். எண் முப்பதுக்குக் குறையக் கூடாது. வெளியே போக அரைமணி முன்னால் போட வேண்டும். கஞ்சத்தனமாகப் போட்டால் பலன் இல்லை. காது, பிடரி, உதடு, புறங்கை. வியர்த்தாலும் துடைத்தாலும் உடனே, இல்லாவிட்டால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. மேகமாக இருந்தாலும் போட வேண்டும். அவன் எல்லாவற்றுக்கும் ம் கொட்டினான்.

பிறகு அதையும் சொன்னேன். அப்பா பக்கமும் அம்மா பக்கமும் இருந்தால்தான் இப்படிப் பிறக்குமாம், நீ நம் அப்பாவுடைய பிள்ளைதான் என்று.

"அது தெரியும்ணா" என்றான்.

எப்படி என்று கேட்டேன்.

"அம்மா சொல்லிச்சி. வேலைக்கு சேந்த அன்னிக்கி. உங்கப்பன் புள்ளதாண்டா நீ, ஊர்ல இன்னா சொன்னாலும் தலையில ஏத்திக்காதன்னு."

"என்கிட்ட சொல்லலியே."

"நீ கேக்கலியே."

அவன் குரலில் கோபம் இல்லை. பம்பில் தண்ணீர் ஏறுகிறது என்று சொல்வது போலச் சொன்னான். அவன் சொன்னது உண்மை. அம்மா 1979இல் செத்துப்போகும்வரை நான் அதே வீட்டில்தான் இருந்தேன். ஒரு தடவையும் கேட்டதில்லை. அப்பாவும் கேட்டதில்லை. கேட்டால் சந்தேகப்பட்டதாக ஆகும், அது வீட்டுக்குக் கேவலம் என்று இருந்துவிட்டோம். கேட்காமல் பிள்ளையை வெயிலில் நிறுத்தினோம். அம்மா அடுப்படியிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாளும் வெளியே வந்து தடுக்கவில்லை. ஏன் என்று அன்று அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. தடுத்தால், வெள்ளைக்காரன் நிறத்தைக் காப்பாற்றப் பார்க்கிறாள் என்பார்கள் என்று அவருக்குத் தெரியும்.

நாலாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். கிளம்ப அரைமணி இருக்கும்போது டெய்சி புது ட்யூபைப் பிரித்தாள். ஜெயகரன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து முகத்தைக் கொடுத்தான். அவள் நெற்றி, கன்னம், மூக்கு என்று போட்டு, கட்டுக்குக் கீழே கழுத்தைச் சுற்றிப் போட்டாள். நான் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். பிடரியில் ஒரு விரல் அகலத்துக்கு இடம் விட்டுப்போயிருக்கிறது என்று சொன்னேன்.

டெய்சி ட்யூபை என்னிடம் கொடுக்கவில்லை. சுற்றி வந்து அவளே போட்டாள்.